தப்புச் சத்தமும் ராச்சோறும்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 562 மீட்டர் நீளம். இலங்கை ரயில் பாதையில் நீண்ட காலம் இதைவிட நீளமான சுரங்கம் இருக்கவில்லை. இருட்டைக் கடந்து வெளியே வந்தால் கொட்டகலை. டிரேட்டன், ஸ்டோனிகிளிப், மவுண்ட் வெர்னன் என்று வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர்களோடு பச்சைச் சரிவுகள் தொடங்கிவிடுகின்றன. 1884இல் ஹட்டன் வரைக்கும், 1885இல் நானுஓயா வரைக்கும் இந்தப் பாதை வந்து சேர்ந்தது. கீழே இறங்கிய பெட்டிகளில் தோட்டத்து விளைச்சல் போனது. மேலே ஏறிய பெட்டிகளில் அரிசி மூட்டை வந்தது. தேயிலை விளையும் மலையில் நெல் விளையாது. தொழிலாளியின் சோறு எப்போதும் கீழேயிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அந்தச் சோறு எவ்வளவு வந்தது, எந்த நேரத்தில் வயிற்றுக்குள் போனது என்று கேட்டுக்கொண்டே போனால், இந்த மக்களின் உறக்கம் எப்படிக் கெட்டது என்பதும் தெரிந்துவிடும்.

‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்பது பழமொழி. உழைத்துக் களைத்தவர் பாயில் சாய்ந்ததும் தூங்கிவிடுவார் என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம். தோட்டத்து இரவுகள் அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படவில்லை. வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தவருக்குக் களைப்பு இருந்தும் கண் மூடவில்லை. மூடினாலும் நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிட்டது. அரைகுறைச் சாப்பாடு உறக்கத்தை எப்படிக் குலைக்கிறது என்பதை மருத்துவம் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் ஆராயத் தொடங்கியது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மலையகம் அதை அனுபவித்துக்கொண்டிருந்தது.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பல ஆயிரம் பேர். 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அது அதே வழியில் அவர்களுக்குச் செலுத்திய அஞ்சலி.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்க வந்தவர்கள் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தங்கள் நெல் அறுப்பையும் தங்கள் பொங்கலையும் விட்டுவிடாமல் வாழ அதில் கொஞ்சம் இடமிருந்தது. 1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அடுத்த இருபது ஆண்டுகளில் மலை முழுவதும் பரவியது. தேயிலைக்கு ஓய்வு மாதம் கிடையாது. ஒரு மலையில் கொழுந்து பறித்து ஏழெட்டு நாளில் மறுபடி அதே மலைக்குத் திரும்ப வேண்டும். பெண்ணும் பிள்ளையும் சேர்ந்த குடும்பமாக ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கினார்கள். அன்றிலிருந்து அவர்கள் எழுவதும் உண்பதும் படுப்பதும் செடியின் தளிருக்கு ஏற்ப அமைந்தன.

விடியுமுன் தப்பு அடிப்பார்கள். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் அந்தச் சத்தம் போகும். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்கப் பிந்தினால் அன்றைய வேலை கிடைக்காமலே போகலாம். ஆண் எழும் நேரம் தப்புச் சத்தத்தோடு தொடங்கியது. பெண் அதற்கும் முன்பே எழுந்தாள். பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏற வேண்டும். அவள் காலை உணவு பெரும்பாலும் நின்றபடி குடித்த சாயத் தண்ணிதான். ரொட்டி பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் போன பிறகு மிஞ்சினால் உண்டு. பகலில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு ஓடி வந்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, பழைய சோற்றையோ ரொட்டியையோ வாயில் போட்டுக்கொண்டு திரும்புவாள். அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு விறகு, தண்ணீர், சமையல். குடும்பத்தின் ஒரே சுடுசோறு இரவு எட்டு மணிக்கு மேல்தான் இறங்கும். எல்லோரும் உண்ட பின்பு கடைசியாக அவள் உட்காருவாள்.

தோட்டப் பெண்களின் நாள் பற்றி ரேச்சல் குரியன் 1982இல் சர்வதேசத் தொழில் அமைப்புக்காக எழுதிய ஆய்வு, கூலி வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்த இந்த இரட்டைச் சுமையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. நாளின் முழு உழைப்பும் ஏறக்குறைய வெறும் வயிற்றில் நடந்து, நாளின் முழு உணவும் உறங்கப் போகும் நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதை அதைப் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வார்.

படுக்கும் இடமும் துணை செய்யவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு. அதற்குள் தாத்தா பாட்டியிலிருந்து பேரப்பிள்ளை வரை எல்லோரும். புகைபோக்கி இல்லாத அடுப்பின் புகை கூரைக்கடியில் தங்கிவிடும். ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்து மார்கழிக் குளிருக்கு ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி; அதன் விலையும் சம்பளத்தில் கழியும். ஒருபுறம் பக்கத்துக் காம்பராவின் இருமல், மறுபுறம் அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகை. ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலையில் வேலை செய்யும் ஆண்களுக்கு இது இன்னும் மோசம். வாடவைத்த கொழுந்து பதத்துக்கு வரும் நேரத்தில்தான் உருட்டும் எந்திரம் ஓடும். அது பல நாள் நள்ளிரவுக்கு மேல். அவர்கள் பகலில் உறங்கி இரவில் உண்டார்கள்.

சோற்றின் அளவைக் கணக்கேடு முடிவு செய்தது. தோட்டம் அரிசியைப் புசல் கணக்கில் கொடுத்து அதன் விலையைச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் கழித்துக்கொண்டது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனும் அதோடு சேர்ந்தது. கடனோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929இல் மலைநாட்டு ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நிர்ணயமானது. அரிசி புசல் 4 ரூபாய் 80 சதத்துக்கு மேல் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. கூலிச் சட்டத்துக்குள்ளேயே அரிசி விலையை எழுத வேண்டியிருந்தது என்றால், கூலி என்பது அந்தக் காலத்தில் சோற்றின் மறுபெயராகவே இருந்தது. அந்தக் கூலியிலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. ஹட்டனில் தங்கித் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரும், கூட்டத்துக்குக் கூட்டம் பாடிச் சென்ற அவர் துணைவி மீனாட்சியம்மையும் தொடங்கிவைத்த போராட்டம் நெடுங்காலம் நீண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984இல்தான் கிடைத்தது.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு அட்டை வந்தது. அரிசிக்குப் பதில் கோதுமை மா வந்தது. அதுவரை விருந்தாளியாக இருந்த ரொட்டி வீட்டுக்காரனாகிவிட்டது. காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, சில நாள் இரவிலும் ரொட்டி. தேங்காய் வாங்க முடிந்தால் சம்பல், இல்லாவிட்டால் கொச்சிக்காயும் உப்பும். பருப்பும் கருவாடும் சம்பள நாளைச் சுற்றிய சில நாட்களுக்கு மட்டும். மாதத்தின் பத்தாம் திகதி சம்பளம் வந்தால் வயிறு முட்டச் சாப்பாடு. மாதக் கடைசியில் கடைக்காரர் கடனை நிறுத்தினால் பட்டினி. இந்த ஏற்ற இறக்கத்துக்கு மூன்று தலைமுறை பழகிப்போனது.

பழகிப்போனதையும் முறித்துப் போட்டது 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம்.

உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒன்றாக ஏறின. இலங்கையில் கூப்பன் அரிசி குறைந்தது. மாவும் சீனியும் எட்டாத விலைக்குப் போயின. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகவும் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தவர் மரவள்ளியாவது நட்டார். லயத்துக்காரருக்கு அந்த வழியும் இல்லை. சுற்றிலும் தேயிலை, அதில் ஒரு அடியும் அவருக்குச் சொந்தமில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமையையும் அதைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தவர்கள் என்பதால் அவர்களுக்காகக் குரல் கொடுக்க நாடாளுமன்றத்தில் பலமான ஆளும் இல்லை. நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் பல தோட்டங்களில் வேலை நாளும் குறைந்தது. பித்தளைப் பாத்திரத்தை விற்றார்கள். காட்டுக் கிழங்கு தோண்டினார்கள். ஹட்டன், கண்டி வீதிகளில் கையேந்தினார்கள். 1974இல் இலங்கை முழுவதும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 51 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்பே இறந்தன; தோட்டங்களில் அந்த எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. லண்டனில் இயங்கிய ‘வார் ஆன் வாண்ட்’ அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கை, தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் இருந்த இந்தப் பட்டினியைப் பிரித்தானியர் முன் வைத்தது. சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியா செல்வதா வேண்டாமா என்று தயங்கியிருந்த பல குடும்பங்களின் தயக்கத்தைப் பஞ்சமே முடித்து வைத்தது.

பட்டினி கிடக்கும் உடம்புக்குள் என்ன நடக்கிறது? அதை அளந்து பார்த்த பெரிய முயற்சி மலையகத்துக்கு வெகு தூரத்தில் நடந்தது. 1944 இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். ஆறு மாதத்துக்கு அவர்களின் உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். நல்ல மனத் தெளிவோடு வந்தவர்கள் சில வாரங்களில் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதவர்களானார்கள். தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். வயிற்றை ஏமாற்ற ஓயாமல் கோப்பி குடித்ததால், ஒருவருக்கு நாளுக்கு ஒன்பது கோப்பை என்று எல்லை வைக்க வேண்டியதாயிற்று. சூயிங்கம்மை மென்றுகொண்டே இருந்தார்கள். சோதனை முடிந்து உணவு கிடைத்தபோது, எவ்வளவு உண்டும் நிறைவு வராமல் அள்ளி அள்ளி உண்டவர்கள் பலர்.

இதைப் படிக்கும் மலையகத்தவருக்கு எதுவும் புதிதாக இராது. அங்கே கோப்பியும் சூயிங்கம்மும் செய்த வேலையை இங்கே சாயத் தண்ணியும் வெற்றிலைபாக்கும் செய்தன. மடியில் வெற்றிலைப் பை இல்லாத கொழுந்துக்காரியைக் காண்பது அரிது. பசி எடுக்கும் நேரத்தில் ஒரு வாய் வெற்றிலை, இரண்டு மணி நேரத்தைத் தள்ளிவிடும். சம்பள நாளின் அளவுமீறிய சாப்பாட்டைப் பார்த்து ‘சிக்கனம் தெரியாத சனம்’ என்று பேசியவர்கள் உண்டு. மினசோட்டாவின் இளைஞர்கள் செய்ததும் அதுதான்; அது பட்டினி கிடந்த உடம்பின் இயல்பு.

உறக்கத்துக்கும் உணவுக்கும் உள்ள முடிச்சை லண்டனில் ஆர்தர் கிரிஸ்ப் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்தார். உணவை மறுத்து உடல் மெலிந்துபோகும் அனோரெக்சியா நோயாளிகள் குறைவாகத் தூங்குகிறார்கள், அதிலும் விடியலுக்கு வெகு முன்பே விழித்துவிடுகிறார்கள், எடை ஏறினால் உறக்கமும் திரும்புகிறது என்று அவரும் எட்வர்ட் ஸ்டோன்ஹில்லும் 1970களில் எழுதினார்கள். அதற்கும் முன்பே, 1955இல், அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் இரவு உண்ணும் கோளாறை விவரித்திருந்தார். காலையில் பசியின்மை, மாலைக்கு மேல் அடங்காத பசி, இரவில் தூக்கமின்மை என்ற மூன்றும் அவரது நோயாளிகளிடம் சேர்ந்தே இருந்தன. அவர்கள் உணவுக்குக் குறைவில்லாத வீட்டுக்காரர்கள். தோட்டத்துப் பெண்ணின் காலைப் பட்டினி அவள் தெரிவல்ல. ஆனாலும் உடம்பு காரணத்தைப் பார்ப்பதில்லை. பகலெல்லாம் காலியாக இருந்து இரவில் மட்டும் நிறையும் வயிறு, யாருடையதாயினும், உறக்க நேரத்தைக் குழப்பத்தான் செய்யும்.

1998இல் மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமசில் ஒரெக்சின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுவதும் விழிப்பைக் காப்பதும் அதன் இரட்டை வேலை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் பட்டினி போட்ட எலிகள் தூங்காமல் சுற்றித் திரிந்தன. ஒரெக்சின் நரம்பணுக்கள் அழிக்கப்பட்ட எலிகளிடம் அந்த விழிப்பு காணப்படவில்லை. இரை கிடைக்காத விலங்கு உறங்கினால் உயிர் பிழைக்காது; அதை விழிக்க வைத்துத் தேட அனுப்புகிறது மூளை. லயத்துக் காம்பராவில் நடுச்சாமத்தில் விழித்துக் கிடந்தவருக்குத் தேடிப் போக எந்த இடமும் இருக்கவில்லை.

இந்த முடிச்சு மறுபக்கமும் இழுக்கும். 2004இல் சிக்காகோவில் கரின் ஸ்பீகலும் ஈவ் வான் காட்டரும் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் மாவுப் பண்டமும் வேண்டும் என்ற ஆசை பெருகியது. பத்து மணிக்குப் படுத்து மூன்றரை, நான்கு மணிக்கு எழும் பெண் ஏன் சீனி கூடிய தேத்தண்ணியையும் ரொட்டியையும் நாடுகிறாள் என்பதற்கு இதிலே ஒரு விடை கிடைக்கிறது. தூக்கம் குறைந்ததால் பசி கோணலாகிறது; பசி கோணலானதால் தூக்கம் மேலும் குறைகிறது.

தேயிலைக்கும் இதில் நேரடிப் பங்குண்டு. குடிப்பவரின் உடம்பில் கஃபீனின் பாதியளவு வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். இரவுச் சோற்றோடு குடித்த கடுஞ்சாயம் நள்ளிரவிலும் இரத்தத்தில் இருக்கும். தேநீரின் துவர்ப்புப் பொருட்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடுவதில்லை. இறைச்சி அரிதான தட்டில் இது பெரிய இழப்பு. இரத்தச் சோகை தோட்டத்துக்குப் பழைய விருந்தாளி. கொக்கிப் புழுவை ஒழிக்க ராக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் 1916இல் வேலை தொடங்கியபோது முதலில் தேடி வந்தது தோட்டங்களைத்தான்; வெறுங்காலோடு மலையேறியவர்களின் இரத்தத்தை அந்தப் புழு உறிஞ்சிக்கொண்டிருந்தது. இரும்புச் சத்துக் குறைந்தவர்களைப் பிடிக்கும் தொல்லைகளில் ஒன்று, படுத்ததும் கால்களில் ஏதோ ஊர்வதுபோல் தோன்றி, அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லும் கால் துடிப்பு. 1945இல் சுவீடன் மருத்துவர் கார்ல் எக்போம் அதை விரிவாக விளக்கினார். ‘கால் குடையுது, கண்ணே மூடல’ என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்ணுக்குத் தூக்க மாத்திரையைவிட இரும்புச் சத்து அவசரமாகத் தேவைப்படலாம்.

ஆண்கள் பலர் உறக்கத்தைச் சாராயக் கடையில் தேடினார்கள். குடித்தவுடன் வரும் மயக்கம் இரவின் பின்பாதியில் கலைந்துவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் எரிச்சலும் சேர்ந்து எழுப்பும். குடிக்குப் போன காசு மாதக் கடைசியில் மாவுக்கு இல்லாமல் போகும். அந்தக் குறை முதலில் விழுந்தது மனைவியின் தட்டில்.

1992இல் அரசிடமிருந்த தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது. கொட்டகலை என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி உண்டு. பல லயங்களுக்கு மின்சாரம் வந்தது, சில இடங்களில் தனி வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்து ஆசிரியர்களானார்கள். கிலோக் கணக்கு மட்டும் இறுகியது. நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் என்ற பயம் பகல் சாப்பாட்டை இன்றும் அவசரச் சாப்பாடாக வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடிசனச் சுகாதார ஆய்வில் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 17 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டங்களில் 32 விழுக்காடு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஓராண்டுக்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறியபோது, நாட்டிலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் மறுபடியும் தோட்ட மக்கள்தான். 1974ஐ அனுபவித்த பாட்டிமார், பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் தாங்கள் சாயத்தோடு படுத்தார்கள்.

இந்த வரலாறு தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். கொட்டகலையிலோ டிக்கோயாவிலோ தூக்கமில்லை என்று வைத்தியசாலைக்கு வருபவரிடம், நேற்று முதல் வாய் சோறு எத்தனை மணிக்கு, கடைசித் தேத்தண்ணி எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். இரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கும் சாயத்துக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடும்படி கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பெரிய செலவில்லை. பெரிய மாற்றம் வேலைத்தலத்தில் வர வேண்டும். காலைக் கொழுந்து நிறுத்த பிறகு, கிலோவில் கழிக்காமல், உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம். மலையிலேயே சூடான ஒரு வேளை உணவு. நாட்கூலியும் கிலோவும் பேசப்படும் ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் தொழிற்சங்கங்கள் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும். கூலிச் சட்டத்துக்குள் அரிசி விலையை எழுதிய முன்னுதாரணம் 1929இலேயே இருக்கிறது.